மடையானில் தொடங்குங்கள்: குமரி மாவட்டக் குளத்தங்கரையில் பறவைப் படம்

புதுக் கேமரா வாங்கியவர் முதல் ஞாயிற்றுக்கிழமையே காளிகேசம், பேச்சிப்பாறைக் காட்டுப் பக்கம் வண்டியைக் கிளப்புவது நம் மாவட்டத்து வழக்கம். மரத்தடியில் இருட்டு, உச்சாணிக் கொம்பில் கறுப்பாக ஒரு புள்ளி, காலில் அட்டை. மதியம் திரும்பி வந்து பார்த்தால் கார்டில் தேறுவது அருவியில் நண்பர்கள் குளித்த படங்கள்தான். காடு எங்கும் போய்விடாது. முதல் மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு குளத்தங்கரையையும், அங்கே நிற்கும் மடையான் என்ற பழுப்புக் கொக்கையும் பிடித்துக்கொள்ளுங்கள். அதே கரை, அதே நேரம், வாரத்துக்கு இரண்டு காலை. பறவைகள் உங்களுக்குப் பழகும், உங்கள் விரலும் பொத்தான்களுக்குப் பழகும்.

எந்தக் குளம், எந்த மாதம்

நாகர்கோவில் பக்கம் இருப்பவர்களுக்குச் சுசீந்திரம் குளமும் தேரூர்க் குளமும் கைக்கெட்டும் தூரம். இவ்விரண்டையும் சேர்த்து 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவித்தார்கள். கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, நீலத் தாழைக்கோழி, இலைக்கோழி, மீசை ஆலா என்று பல இனங்களை இங்கே ஒரே காலையில் பார்த்துவிடலாம். கல்குளம், விளவங்கோடு பக்கத்துக்காரர்கள் இதற்காக அவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. தாமரையோ அல்லியோ பாதி மூடி, மீதி திறந்த நீராகக் கிடக்கும் எந்த ஊர்க்குளமும் போதும். முழுக்க ஆகாயத்தாமரை மண்டிய குளத்தை விட்டுவிடுங்கள். அங்கே பறவை இருக்கும், ஆனால் கண்ணில் படாது.

வலசை வரும் வாத்துகளுக்கும் ஆலாக்களுக்கும் அக்டோபர் முதல் மார்ச் வரை காலம். அக்டோபர், நவம்பரில் மழை குறுக்கிடும். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை வானம் தெளிந்திருக்கும், நீர்மட்டமும் இறங்கத் தொடங்கும். கரையோரம் சேறு தெரிய ஆரம்பித்தால் நாரைகள் கிட்டே வரும். ஜூன், ஜூலைச் சாரலில் வலசைப் பறவைகள் இருக்காது. ஆனால் நீளவால் இலைக்கோழி தன் நீண்ட வாலோடு திரிவது இனப்பெருக்கக் காலமான இந்த மழை மாதங்களில்தான்.

கையில் என்ன வேண்டும்

பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும் 55-250 அல்லது 70-300 லென்ஸும் இருந்தால் தொடங்கிவிடலாம் (எண்கள் மில்லிமீட்டரில்; எண் கூடக் கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும்). 150-600 லென்ஸ் ஆசை எல்லாருக்கும் வரும். ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். இரண்டு கிலோ எடையைத் தூக்கிப்பிடித்துக் கை நடுங்குவதைவிட, 300 லென்ஸோடு பத்தடி கிட்டே போகக் கற்றுக்கொள்வது லாபம். நிக்கான் பி950 போன்ற பெரிய ஜூம் கேமராக்கள் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நல்ல துணை. பறக்கும் பறவையைப் பிடிக்கத் திணறும். மொபைல் மட்டும் இருப்பவர்கள் பறவையைத் துரத்தாமல் கரைப்புல்லில் இருக்கும் தட்டான், தவளை, சிலந்தி பக்கம் திரும்பலாம். அதற்கு மொபைல் நன்றாகவே போதும்.

ட்ரைபாடைவிட இங்கே உதவுவது அரிசி மூட்டை. பழைய ஜீன்ஸ் பேன்டின் ஒரு காலை முழங்கால் அளவுக்கு வெட்டி, ஒரு முனையைத் தைத்து, இரண்டு கிலோ அரிசி போட்டு மறுமுனையையும் தைத்துவிடுங்கள். மதகுச் சுவர், பைக் சீட், கார் ஜன்னல் எதன்மேல் வைத்தாலும் லென்ஸ் அசையாமல் உட்காரும். முழுக்க நிரப்பாமல் முக்கால் பங்கு நிரப்பினால்தான் லென்ஸ் அதில் பதியும். அதோடு ஆறடிக்கு மூன்றடி பழைய பிளக்ஸ் பேனர் துண்டு ஒன்று. சேற்றுக்கரையில் விரித்துப் படுக்க இதைவிட நல்லது கிடையாது. அச்சடித்த பக்கம் கீழே இருக்கட்டும். தலைவரின் பல் வரிசை வெயிலில் மின்னினால் மடையான் பக்கத்தில் வராது.

உடை பழுப்பு, காக்கி, மங்கின பச்சை. வெள்ளை வேட்டியும் மஞ்சள் டிசர்ட்டும் வேண்டாம். கூடுதல் பேட்டரி ஒன்று, 64 ஜிபி கார்டு ஒன்று. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா (RAW, கேமரா திருத்தாமல் பதியும் மூலக்கோப்பு) படம் ஏறக்குறைய 25 எம்பி வரும். ஒரு கார்டில் 2,000 படங்களுக்கு மேல் கொள்ளும்.

நிழலைப் பார்த்து உட்காருங்கள்

புதியவர்களின் படங்கள் மங்கலாக, கறுப்பாக வருவதற்குப் பெரும்பாலும் லென்ஸ் காரணமில்லை, உட்கார்ந்த இடம்தான் காரணம். காலையில் குளத்தின் கிழக்குக் கரையில், முதுகில் வெயில் படும்படி உட்கார வேண்டும். உங்கள் நிழல் பறவை இருக்கும் திசையில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் வெளிச்சம் பறவையின் முகத்தில் நேராக விழுகிறது, கண்ணில் ஒரு பொட்டு ஒளி கிடைக்கும். நிழல் பக்கவாட்டில் போனால் பறவையின் பாதி உடம்பு இருட்டு. நிழல் உங்களுக்குப் பின்னால் விழுந்தால் கேமராவைக் கீழே வைத்துவிட்டு இடம் மாறுங்கள்.

நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகையில். சூரியன் இங்கே சாய்வாக ஏறுவதில்லை, ஏறக்குறைய நெட்டுக்குத்தாக, மணிக்குச் சுமார் 14 டிகிரி வீதம் ஏறிவிடும். மஞ்சள் வெயில் அரைமணி நேரத்துக்குள் தீர்ந்துபோகிறது. வடநாட்டில் எடுத்தவர்கள் சொல்லும் நேரக்கணக்கு நமக்கு ஒத்துவராது. அக்டோபர் நடுவில் 6.10 வாக்கிலும் ஜனவரி நடுவில் 6.40 வாக்கிலும் சூரியன் உதிக்கும். அதற்கு இருபது நிமிடம் முன்பே நீங்கள் உட்கார்ந்து அடங்கியிருக்க வேண்டும். எப்போது முடிப்பது என்பதற்கும் நிழல்தான் கணக்கு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் இருக்கும்வரை எடுக்கலாம். ஜனவரியில் இது ஏறக்குறைய எட்டரை மணி வரை. அதற்குப் பிறகு வெள்ளை இறகு வெளிறும், வயிற்றடி கறுக்கும், தண்ணீருக்கு மேலே காற்று நெளியும். அப்போது டீக்கடைக்குப் போகலாம்.

காற்றையும் பார்க்க வேண்டும். பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும், எதிர்த்துத்தான் இறங்கும். வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் காலையில் கிழக்குக் கரையில் இருந்தால் வெயிலும் காற்றும் இரண்டுமே உங்கள் முதுகுப் பக்கம். எழும் பறவை உங்களை நோக்கி எழும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்குக் காற்று அடிக்கும்போது கதை தலைகீழ். காலையில் அதே இடத்தில் உட்கார்ந்தால் கிடைப்பதெல்லாம் பறவையின் பின்பக்கம். அந்த மாதங்களில் மாலை நாலரைக்கு மேல் மேற்குக் கரைக்குப் போங்கள்.

கரையில் நிற்கக் கூடாது. குளக்கரை நீர்மட்டத்தைவிட ஆறேழு அடி உயரம். அங்கிருந்து எடுத்தால் பறவையின் முதுகும் பாசித் தண்ணீரும்தான் படத்தில் இருக்கும். படித்துறையின் கடைசிப் படியிலோ மதகின் அடியிலோ இறங்கி, லென்ஸ் பறவையின் கண் உயரத்துக்கு வரும்படி உட்காருங்கள். பின்னணி தூரமாகி மங்கும், பறவை தனித்துத் தெரியும். குளிக்க, துவைக்க வருகிறவர்களின் துறையில் கேமராவோடு உட்காராதீர்கள். பெண்கள் குளிக்கும் துறை எது என்று முன்னாலேயே விசாரித்து, அந்தப் பக்கமே லென்ஸைத் திருப்பாமல் இருப்பது மரியாதை. உங்கள் காலை நிம்மதியாகக் கழியவும் அதுதான் வழி.

மடையானிடம் படிக்க வேண்டியவை

முதல் பாடம் மடையான். குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். எந்தக் குளத்திலும் இருக்கும், பத்துப் பதினைந்து அடி வரை அசையாது, ஒரே இடத்தில் அரைமணி நேரம் நிற்கும். யாரும் அதைப் படமெடுக்கப் போவதில்லை. ஆனால் பறவைப் படத்தின் சிக்கல்கள் பாதிக்கு மேல் அந்த ஒரு பறவையிலேயே இருக்கின்றன.

கிட்டே போகும்போது நேராக நடக்காதீர்கள். பறவைக்குப் பக்கவாட்டில் எங்கோ போகிறவரைப்போல் நாலைந்து அடி வைத்து நில்லுங்கள். கழுத்தைச் சுருக்கித் தோளுக்குள் புதைத்திருந்தால் அது நிம்மதியாக இருக்கிறது. கழுத்து மெல்ல நீண்டு தலை உயர்ந்தால் உங்களைக் கவனித்துவிட்டது, அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கழுத்து திரும்பச் சுருங்கும், பிறகு நகரலாம். உடம்பைத் தாழ்த்தி, காற்று வரும் பக்கம் திரும்பி, ஒருமுறை எச்சமிட்டது என்றால் பறக்கப் போகிறது. விரல் பொத்தானில் இருக்கட்டும்.

நிற்கும் மடையானுக்குக் கேமரா அமைப்பு எளிது. அப்பெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 6.3, ஷட்டர் வேகம் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) ஆட்டோவில் மேல் எல்லை 3200. ஃபோகஸ் ஒற்றைப் புள்ளியில், அந்தப் புள்ளி பறவையின் கண்மேல். மூக்கில் ஃபோகஸ் விழுந்து கண் மங்கினால் படம் போச்சு. 300 லென்ஸ் கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமராவில் 450 போல நடந்துகொள்ளும் என்பதால் 1/500க்குக் கீழே போனால் கை நடுக்கம் படத்தில் தெரியும்.

அது பறக்கும்போதுதான் சிக்கல். நிற்கையில் மண்ணோடு மண்ணாக இருந்த பறவை இறக்கையை விரித்ததும் பால் வெள்ளையாகிவிடுகிறது. பழுப்பு முதுகுக்கு ஏற்ப நீங்கள் வைத்திருந்த வெளிச்ச அளவில் அந்த வெள்ளை இறக்கை வெந்துபோய், இறகின் ஒரு கோடுகூட மிஞ்சாது. பிறகு கம்ப்யூட்டரில் எவ்வளவு இருட்டாக்கினாலும் சாம்பல் தாள்தான் கிடைக்கும். இதற்கு வழி, முன்னதாகவே வெள்ளைக்கு அளந்து வைப்பது. அதே வெயிலில் நிற்கும் ஒரு வெள்ளைக் கொக்கைத் தேடுங்கள். மேனுவல் முறையில் எஃப் 6.3, 1/1600, ஐஎஸ்ஓ 800 என்று வைத்து ஒரு படம் எடுங்கள். கேமராவின் ஹைலைட் எச்சரிக்கையை மெனுவில் இயக்கியிருந்தால், வெந்துபோன இடங்கள் திரையில் கறுப்பும் வெள்ளையுமாக மினுக்கும். மினுக்கம் நிற்கும்வரை ஐஎஸ்ஓவை 640, 500, 400 என்று இறக்குங்கள். அந்த அளவை அப்படியே வைத்துக்கொண்டு மடையானுக்குத் திரும்புங்கள். அதன் முதுகு சற்று இருட்டாக வரும். ரா கோப்பில் முதுகை மீட்டுவிடலாம், வெந்த வெள்ளையை மீட்க முடியாது. வெயில் ஏற ஏற கால் மணிக்கு ஒருமுறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

பறப்பதைப் பிடிக்கத் தொடர் ஃபோகஸ் வேண்டும். நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி, கேனனில் ஏஐ சர்வோ என்று இருக்கும். ஒற்றைப் புள்ளியை விட்டுவிட்டு நடுவில் ஒரு சிறு கூட்டம் புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். ஜூமை முழுக்க நீட்டாமல் கொஞ்சம் பின்வாங்குங்கள். இறக்கை விரிந்தால் பறவை இரண்டு மூன்று மடங்கு அகலமாகும். உட்கார்ந்த பறவைக்கு நிறைவாக வைத்த சட்டத்தில் பறக்கும் பறவையின் இறக்கை நுனி வெட்டுப்படும். முதல் ஐம்பது படங்களில் வெறும் தண்ணீரும் வாலின் நுனியும்தான் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்.

ஒரே காலையில் இருபது மடையான் எழுந்து பறக்கும். அதனால்தான் அது ஆசான். கூழைக்கடா இரண்டு முறை பறந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

மடையானில் கை பழகியபின் கருப்பு வெள்ளை மீன்கொத்திக்குப் போகலாம். காற்றை எதிர்த்து அந்தரத்தில் சில நொடி ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். அப்போது உடம்பு எவ்வளவு ஆடினாலும் தலை மட்டும் ஆணி அடித்ததுபோல் இருக்கும். 1/2500இல் எடுத்தால் இறக்கையும் உறையும். 1/1000இல் தலை கூர்மையாகவும் இறக்கை மங்கலாகவும் வரும். எங்களுக்குப் பிடித்தது இரண்டாவது. பின்னால் வெறும் வானம் மட்டும் இருந்தால் கேமரா ஏமாந்து பறவையைக் கறுப்பாக்கிவிடும். ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் அப்பெர்ச்சர் முறையில் இருக்கிறீர்கள் என்றால் எக்ஸ்போஷர் திருத்த அளவை 1 முதல் 1.7 வரை கூட்டுங்கள். கறுத்த தண்ணீரில் சின்னதாகத் தெரியும் வெள்ளைக் கொக்குக்கு இதற்கு நேர் எதிராக 0.7 முதல் 1 வரை குறைக்க வேண்டும்.

தொளி வயல்

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ நெல்லை அறுத்து, அடுத்த போகமான கும்பப்பூவுக்குத் தொளி அடிக்கும் (வயலைச் சேறாக்கி உழும்) செப்டம்பர், அக்டோபரைத் தவறவிடாதீர்கள். டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்கும் சின்னக் கொக்கும் மைனாவும் நூற்றுக்கணக்கில் இறங்கும். டிராக்டருக்குப் பழகிய பறவைகள் மனிதனைக் கண்டுகொள்வதில்லை. வரப்பில் உட்கார்ந்து, டிராக்டர் உங்கள் பக்கம் திரும்பி வரும் சுற்றுக்காகக் காத்திருங்கள். பறவைக்கூட்டம் டிராக்டரின் பின்சக்கரத்தை ஒட்டியே வரும். சேறு தெறிக்கும், லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட் போட்டிருக்க வேண்டும். வயல்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். புது வரப்பில் கால் வைத்து இடித்துவிட்டு அப்புறம் சிரித்தால் செல்லாது.

உப்பளமும் பொழியும்

பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பொழியும் (கழிமுகம்), புத்தளம், சாமித்தோப்புப் பக்கத்து உப்பளங்களும் அடுத்த வகுப்பு. நெடுங்கால் உள்ளான், உப்புக்கொத்தி, ஆலா, சில ஆண்டுகளில் பூநாரை. மணக்குடியில் 2004 சுனாமி அடித்துக்கொண்டுபோன பாலத்துக்குப் பதிலாகக் கட்டிய பாலத்தில் நின்றால் செம்பருந்து கண் மட்டத்திலேயே பறப்பது கிடைக்கும். வண்டி போகும் பாலம் அது, ஓரமாக நில்லுங்கள்.

உப்பளத்தில் எட்டு மணிக்கே தரை சூடாகிக் காற்று நெளியத் தொடங்கும். தூரத்துப் பறவை திரையில் கூர்மையாக இருப்பதுபோல் தெரியும், வீட்டில் பெரிதாக்கினால் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் குழைந்திருக்கும். லென்ஸை மாற்றினாலும் ட்ரைபாட் வைத்தாலும் இது சரியாகாது. கிட்டே இருக்கும் பறவையை எடுங்கள், இல்லையென்றால் இன்னும் சீக்கிரம் வாருங்கள். பாத்திகளுக்கு நடுவிலுள்ள வரப்பு மிதிபட்டால் உடையும். எந்த வரப்பில் நடக்கலாம் என்று வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். மார்ச்சுக்கு மேல் உப்புக்கொத்தி திறந்த தரையில் முட்டையிட்டிருக்கலாம். பறவை இறக்கை ஒடிந்ததுபோல் நடித்துத் தள்ளாடினால் முட்டையோ குஞ்சோ உங்கள் காலடியில்தான். வந்த வழியே திரும்பிவிடுங்கள், படம் வேண்டாம்.

முட்டம் போன்ற பாறைக்கரைகளில் தூவானம் லென்ஸில் படிந்து உப்பாகக் காயும். காய்ந்த உப்பைத் துணியால் துடைத்தால் கண்ணாடி கீறும். முதலில் ப்ளோயரால் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, கடைசியில் காய்ந்த துணி. கேமரா உடம்புக்கும் இதேதான். கள்ளக்கடல் (எதிர்பாராமல் எழும் பேரலை) எச்சரிக்கை இருக்கும் நாளில் பாறையில் இறங்கவே கூடாது. அமைதியான நாளிலும் கடலுக்கு முதுகு காட்டி நின்று எடுக்காதீர்கள்.

காடு

கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் ஏறக்குறைய 402 சதுர கிலோமீட்டர். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைய, படம் எடுக்க அனுமதி வேண்டும். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். வனச்சாவடியில் பேசிச் சமாளிக்கலாம் என்று போகாதீர்கள். ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும்.

அனுமதி இல்லாமலேயே ரப்பர் தோட்டங்களை ஒட்டிய பொதுச்சாலையில் வண்ணத்துப்பூச்சி நிறையக் கிடைக்கும். 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனைத் தேடிப் பாருங்கள். மரத்தடியில் ஷட்டர் 1/125 வரை இறங்க வேண்டிவரும். அரிசி மூட்டை அங்கேதான் தன் வேலையைக் காட்டும். அட்டைக்கு, பொடி உப்பைத் துணியில் முடிந்து நனைத்துச் செருப்பின் பட்டையிலும் கணுக்காலிலும் தேயுங்கள். பறவைக் குரலை மொபைலில் ஒலிக்கவிட்டு அழைக்கும் பழக்கம் வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று நினைத்து அது தீனியையும் கூட்டையும் விட்டுவிட்டு அலையும்.

வீட்டுக்கு வந்தபின்

அன்றைக்கே படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கண் கூர்மையாக இல்லாதவற்றை அழித்துவிடுங்கள். 400இல் 15 மிஞ்சினால் நல்ல காலை. கோப்புறைக்குத் தேதி, குளம், எந்தக் கரை, காற்று எந்தப் பக்கம் என்று பெயர் வையுங்கள். பெயர் தெரியாத பறவையை மெர்லின் செயலியில் கண்டுபிடித்து, பார்த்த எண்ணிக்கையை ஈபேர்ட் இணையதளத்தில் பதியலாம். ஜனவரியில் பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் குளத்துக் கணக்கும் சேரட்டும். கூடு இருக்கும் இடத்தை மட்டும் எங்கும் போடாதீர்கள்.

நம் மாவட்டத்து ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது மிக எளிது. சிலந்தி வலைபோல் கண்ணாடிக்குள் படரும், முற்றினால் கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும். துணிப்பைக்குள் வைத்து அலமாரியில் பூட்டுவதுதான் அந்தப் பூஞ்சைக்கு நீங்கள் செய்யும் பெரிய உபசாரம். ரப்பர் வளையம் உள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், 200 கிராம் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பதமானி ஒன்றும் போட்டு வையுங்கள். அளவு 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். வறுத்தால் திரும்ப நீலமாகும். அந்த நீலச் சாயத்தில் கோபால்ட் உப்பு உண்டு. சமையல் சட்டியில் வறுக்காமல், அதற்கென்று ஒரு பழைய சட்டியை ஒதுக்கி, ஜன்னலைத் திறந்துவைத்து வறுங்கள். குளிர்சாதன அறையில் கேமரா வைத்திருந்தால், காலையில் பையை மூடியபடியே வெளியே கொண்டுவந்து அரைமணி நேரம் கழித்துத் திறங்கள். உடனே திறந்தால் லென்ஸில் பனி படிந்து, அந்த நாளின் நல்ல வெயில் துடைப்பதிலேயே போய்விடும்.